கறவை மாட்டின் மடிநோயில் மரபுவழி மூலிகை மருத்துவமும் நவீனக் கால்நடை மருத்துவமும்: இணைப்பின் இடமும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

கால்நடை மருத்துவத்தில் மூலிகை முறைகளையும் நவீன முறைகளையும் இணைத்துப் பயன்படுத்துதல் குறித்து அண்மைக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படுகிறது. இப்பேச்சில் ‘இணைப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் விளக்கம் பெறாமலே நின்றுவிடுகிறது. எந்த நோயில், நோயின் எந்த நிலையில், எதற்கு முன் எதனைச் செய்வது என்னும் வினாக்களுக்கு விடை கூறாத இணைப்பு, இரு மருந்துகளை ஒருசேரக் கொடுப்பதாகவே முடியும். இக்கட்டுரை கறவை மாடுகளின் மடிநோயை மட்டும் எடுத்துக்கொண்டு, சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியன சேர்ந்த பற்றினை முன்வைத்து அவ்வினாக்களை ஆராய்கிறது. நோய்ப்பெயர், மூலிகைப்பெயர் ஆகியவற்றில் நிலவும் சொல்மயக்கம் மருத்துவத்தைப் பாதிக்கும் விதமும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: மடிநோய், மரபுவழிக் கால்நடை மருத்துவம், மாட்டு வாகடம், எதிருயிரி மருந்து, சோற்றுக்கற்றாழை

முன்னுரை

தமிழில் மாட்டு வாகடம், மாட்டு வைத்தியம் என்னும் பெயர்களில் அமைந்த சுவடிகள் பல உள்ளன. மாட்டின் இலக்கணம், சுழிகள், நோய்க்குறிகள், மருந்து, சூடு இடும் இடங்கள் முதலியன அவற்றில் கூறப்படுகின்றன. இவ்வறிவு சுவடியில் மட்டும் நிற்கவில்லை. ஊர்தோறும் மாட்டுக்கு மருந்து அறிந்தவர் ஒருவரேனும் இருந்தார். வீட்டுப் பெண்கள் கன்றின் கழிச்சலுக்கும் பசுவின் மடிவீக்கத்திற்கும் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே மருந்து எடுத்தனர். மறுபுறம், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்விரு மரபுகளும் ஒரே தொழுவத்திற்குள் ஒன்றையொன்று அறியாதனபோல் இயங்கின.

இந்நிலை மாறியதில் அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூர்ப் பகுதியில் மேற்கொண்ட பணி குறிப்பிடத்தக்கது. வழக்கிலிருந்த மூலிகைக் குறிப்புகளை அவர் அளவும் செய்முறையும் வரையறுத்த வாய்பாடுகளாக்கினார். பின்னர்த் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அவ்வகை வாய்பாடுகளைப் பல மாநிலப் பால் கூட்டுறவு அமைப்புகளின்வழிப் பரப்பியது. ‘ஒரு கைப்பிடி’ என்றிருந்தது கிராமாக மாறியது சிறு செய்தியன்று. அளவு நிலைபெற்ற பின்னரே ஒரு மருந்தைச் சோதிக்கவும், தவறென்றால் மறுக்கவும் இயலும்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தவை கட்டுரையாளரின் வீட்டில் நிகழ்ந்த இரு நிகழ்வுகள். கன்று ஈன்று பத்து நாளான கலப்பினப் பசு ஒன்றுக்கு மடி வீங்கியது. மூலிகைப் பற்று போதும் என்றிருந்தோம். மூன்றாம் நாள் பசு எழவில்லை. கால்நடை மருத்துவர் வந்து உயிரைக் காத்தார். பின் வலக்காம்பு மட்டும் மீளவேயில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பசுவுக்கு அதே நோய் வந்தபோது அச்சத்தால் முதல் நாளே ஊசி போடச் செய்தோம். இரண்டு நாளில் வீக்கம் வற்றியதும் மூன்றாம் ஊசியை நிறுத்தினோம். மருந்து கலந்த பாலைச் சங்கத்தில் ஊற்றவும் செய்தோம். முதலாவதில் மூலிகையின்மீதும் இரண்டாவதில் ஊசியின்மீதும் குற்றமில்லை. எது எவ்விடத்திற்கு உரியது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

மடிநோயின் இயல்பு

மடிநோய் என்பது ஒரே நோயன்று; பால் சுரப்பியில் தோன்றும் அழற்சிக்குரிய பொதுப்பெயர். பெரும்பாலும் பாக்டீரியாக்கள் காம்புத்துளை வழியே உட்புகுவதால் இது தோன்றுகிறது. ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள், ஈ. கோலை ஆகியன முதன்மையானவை. இவற்றின் நடத்தை ஒன்றுக்கொன்று வேறு. ஈ. கோலை சாணத்திலும் ஈரத்தரையிலும் இருந்து வருவது. லேசான தொற்றாயின் பசுவின் நோயெதிர்ப்பாற்றலே அதனைப் பெரும்பாலும் நீக்கிவிடும். கடுமையாயின் அதன் நச்சு இரத்தத்தில் பரவி ஓரிரு நாளில் உயிரைக் கொள்ளும். ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் இதற்கு மாறானது. அது சுரப்பியின் உள்ளே சிறு சீழ்க்கட்டிகளில் பதுங்கி, உயிரணுக்களுக்குள்ளும் புகுந்து, மருந்து எட்டாதவாறு நீடிக்கும். வீக்கம் வற்றிவிட்டது என்பதால் நோய் நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாதது இதனாலேயே.

கண்ணுக்குப் புலப்படும் மடிநோயைவிடப் புலப்படாத மடிநோயே மிகுதி. மடியில் வீக்கமில்லை, பாலில் திரிவுமில்லை, ஆனால் பாலில் வெள்ளணுக்கள் பெருகியிருக்கும், கறவை குறையும். 1957இல் உருவான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை இதனைத் தொழுவத்திலேயே காட்டவல்லது. நான்கு குழிகளுடைய தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, சோதனைக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுற்ற காம்பின் பால் கூழ்போல் திரளும். கரைசலிலுள்ள சலவைப்பொருள் வெள்ளணுக்களை உடைக்க, வெளிப்படும் மரபணுப்பொருள் பாலைக் கூழாக்குகிறது. சாதாரணச் சலவைத்தூளைக் கரைத்தும் இதனைத் தோராயமாகச் செய்கின்றனர்.

கறந்தவுடன் காம்புத்துளை முழுமையாக மூடிக்கொள்ள ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். அந்நேரத்தில் பசு ஈரத்தரையில் படுத்தால் தொற்று எளிதாகும். கறந்த பின் தீவனம் வைத்து மாட்டை நிற்கச் செய்வதும், காம்பை அயோடின் கரைசலில் நனைப்பதும் இதன்பொருட்டே. இவை மூலிகையும் அல்ல, எதிருயிரியும் அல்ல. இவ்விரண்டும் ஒழுங்காக நடைபெறும் தொழுவத்தில் மருந்துபற்றிய விவாதத்திற்கே தேவை குறைவு.

பற்றும் அதன் செயற்பாடும்

வரையறுக்கப்பெற்ற வாய்பாட்டின்படி, சோற்றுக்கற்றாழை ஏறத்தாழ 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 10 முதல் 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். மடியைக் கழுவி, நோயுற்ற காம்பிலுள்ள பாலை முற்றும் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு, விழுதில் ஒரு பகுதியை நீரில் கரைத்து மடி முழுவதும் பூசவேண்டும். இவ்வாறு நாளொன்றுக்குப் பத்து முறை வரை, ஐந்து நாள் செய்யவேண்டும். எலுமிச்சம்பழம் நாளுக்கு இரண்டு வீதம் உண்ணக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்தது. விழுதை அன்றன்றே அரைத்துக்கொள்ள வேண்டும்.

விழுது சிவப்பதன் காரணம் ஆரத்தித் தட்டில் நாம் காண்பதே. மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் எளிதில் கரையாதது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அது கரைந்து செந்நிறம் பெறுகிறது. ஆகவே சுண்ணாம்பு இங்கு வெறும் சேர்மானமன்று. கரைய வைக்கும் ஊடகம். ஆயினும் அதே காரநிலையில் குர்குமின் விரைவில் சிதையும் இயல்பும் உடையது. கரையவும் செய்கிறது, அழியவும் செய்கிறது. அன்றன்று அரைத்தல், அடிக்கடி பூசுதல் என்னும் இரு விதிகளுக்கும் இவ்வேதியியல் பொருந்தி வருகிறது. சுண்ணாம்பின் அளவு கூடினால் தோல் புண்ணாகும். காம்பின் தோலில் வெடிப்பு விழுந்தால் அதுவே புதிய தொற்றுக்கு வாயிலாகிவிடும். நடைமுறையில் அதிகம் தவறுவது இவ்விடத்தில்தான்.

இனி ஒரு வினா எழுகிறது. பற்று பூசிய பசு தேறினால், தேற்றியது பற்றுதானா? பத்து முறை பூசுவதாயின் அதனோடு சேர்ந்து மடியைப் பலமுறை கழுவுவதும் பாலைப் பீய்ச்சுவதும் நிகழ்கின்றன. அடிக்கடி பீய்ச்சுவதால் கிருமிகளும் நச்சும் வெளியேறுகின்றன; குளிர்ந்த நீர் வீக்கத்தைத் தணிக்கிறது. மேலும் ஈ. கோலையின் லேசான தொற்றாயின் அது தானாகவே நீங்கியிருக்கவும் கூடும். நார்வே நாட்டில் நிகழ்த்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வொன்றில் மடிநோயுற்ற பசுக்களுக்கு ஹோமியோபதி, போலிமருந்து, எதிருயிரி ஆகியன தனித்தனியே அளிக்கப்பெற்று ஒப்பிடப்பட்டன. ஹோமியோபதி போலிமருந்தை விஞ்சியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கருதத்தக்க மற்றொரு செய்தி, போலிமருந்து பெற்ற பசுக்களிலும் நோய்க்குறிகள் தணிந்தன என்பது. ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்விலும் அத்தணிவு முழுவதும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

ஆதலின் மஞ்சள் பற்றினைச் சோதிக்க விரும்புவோர் அதனைப் பற்றில்லாத பசுவோடு ஒப்பிடுதல் போதாது. பத்து முறை வெறும் நீரால் கழுவிப் பீய்ச்சப்பெற்ற பசுவோடு ஒப்பிட வேண்டும். இவ்வாறு கூறுவது மரபறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. ஒருவேளை மரபின் உண்மையான கண்டுபிடிப்பு அந்தப் பத்து முறை என்னும் ஒழுங்காகவே இருக்கலாம். அவ்வாறாயின் அதுவும் அறியத்தக்கதே. இடையில் ஒன்று கூறவேண்டும்: நாளுக்குப் பத்து முறை என்பது எழுத்தில் எளிது. அதனைச் செய்வோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வயல் வேலைக்கோ நூறுநாள் வேலைக்கோ சென்று திரும்பும் ஒருவர் பத்து முறையை மூன்றாகக் குறைத்துவிட்டால், மருந்து தோற்றதா செய்முறை தோற்றதா என்று எவரும் பிரித்தறிவதில்லை.

எல்லா மரபுக்குறிப்புகளையும் ஒரே தட்டில் வைத்தலும் தகாது. காம்பு அடைப்புக்கு மஞ்சளும் வெண்ணெயும் தடவிய வேப்ப ஈர்க்கினைத் துளையில் நுழைக்கும் வழக்கம் உண்டு. காம்புத்துளையே மடியின் முதற்காவல். தூய்மை உறுதிசெய்யப்படாத எப்பொருளையும் அதனுள் செலுத்துவது, வெளியில் நிற்கும் கிருமியை உள்ளே அழைப்பதாகும். மேற்பூச்சாக அமையும் பற்றினை ஏற்பதும் இம்முறையைத் தயங்கி விலக்குவதும் ஒரே அளவுகோலின் விளைவுகளே.

எதிருயிரியின் மறுபக்கம்

எதிருயிரி மருந்து மடிநோயில் தேவையற்றது என்பாரும் உளர், அது பிழை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுகளில் அது நன்கு பயனளிக்கிறது. கடுங்காய்ச்சலோடு கூடிய நிலையில் உயிர் காக்கிறது. குறை மருந்தில் இல்லை, பயன்படுத்தும் விதத்தில் உள்ளது. எக்கிருமி என்றறியாமல் வலிமை மிக்க மருந்தையே முதலில் எடுத்தல், இடையில் நிறுத்தல், மருந்து பாலில் வெளியேறும் நாள்களைப் பொருட்படுத்தாமை ஆகிய மூன்றும் நம் தொழுவங்களில் கண்கூடு. மருந்து எச்சமுள்ள பால் உண்போருக்குக் கேடு. தயிர் உறையாமைக்கும் அது காரணமாகலாம். குறையளவில் நாள்தோறும் மருந்தைச் சந்திக்கும் கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. இந்திய அரசு 2017இல் மருந்தெதிர்ப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டதும், மனிதருக்கு இறுதிநிலை மருந்தாக விளங்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த 2019இல் தடை விதித்ததும் இவ்வச்சத்தின் விளைவுகள்.

மருந்து மாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு டைக்ளோஃபினாக் கசப்பான சான்று. வலிநீக்கியாக மாடுகளுக்குச் செலுத்தப்பெற்ற அம்மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடைசெய்யப்படுவதற்குள் கழுகினம் பெரும்பகுதி மறைந்துவிட்டது. தேவையற்ற ஊசி ஒன்றைத் தவிர்க்க மூலிகைப் பற்று உதவுமாயின், அப்பயன் அந்தப் பசுவுக்கு மட்டும் உரியதன்று.

இணைப்பின் ஒழுங்கு

இணைப்பு நோயின் கடுமையால் தீர்மானிக்கப்பட வேண்டும். மடிநோயை மூன்று நிலைகளாகப் பகுப்பது மருத்துவ வழக்கு. பாலில் மட்டும் திரிவோ நீர்த்தன்மையோ காணப்படுவது முதல்நிலை. மடியும் வீங்கிச் சூடாவது இரண்டாம் நிலை. காய்ச்சல், தீவனம் மறுத்தல், கண் உட்குழிதல், எழ இயலாமை என உடல் முழுதும் பாதிக்கப்படுவது மூன்றாம் நிலை.

மூன்றாம் நிலையில் பற்றுக்குக் காத்திருக்க இடமில்லை. நரம்பு வழி நீர்மம், அழற்சி நீக்கி, எதிருயிரி ஆகியன உடனே வேண்டும். பற்றினை அவற்றோடு சேர்த்துப் பூசலாம், அவற்றுக்கு மாற்றாகப் பூசலாகாது. எங்கள் வீட்டுப் பசு காம்பிழந்தது இவ்வேறுபாட்டை அறியாமையால். முதல்நிலையில் நிலைமை வேறு. தூய கலத்தில் பால் மாதிரி எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் ஒருநாளளவு பற்றினைப் பூசிக் கண்காணித்தல் அறிவார்ந்த வழி. ஈ. கோலை என்றோ கிருமி வளரவில்லை என்றோ முடிவு வந்தால் எதிருயிரியே தேவைப்படாமற் போகலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனில் மருத்துவர் குறித்த மருந்தை முழு நாள்களும் கொடுக்க வேண்டும். மாதிரியை எம்மருந்தும் தொடுவதற்கு முன்னரே எடுத்தல் இன்றியமையாதது. ஊசி போட்ட பின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமை எதனையும் மெய்ப்பிக்காது. இரண்டாம் நிலையே முடிவெடுக்கக் கடினமானது. அங்கே பசுவின் வெப்பநிலையை நாளுக்கு இருமுறை அளந்து பார்ப்பது எந்த வாதத்தைவிடவும் பயன்தரும். பசுவின் இயல்பு வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ், 39.5ஐக் கடந்தால் மருத்துவரை அழைத்தாக வேண்டும்.

மடிநோய்க்கு வெளியே இவ்விணைப்பின் எல்லை இன்னும் கூர்மையாகத் தெரியும். கன்று ஈன்றவுடன் கால்சியக் குறைவால் பசு விழுவதற்குக் கால்சிய மருந்து நரம்பில் செல்ல வேண்டும். கோமாரி நோயில் வாய்ப்புண்ணுக்கும் கால்புண்ணுக்கும் மூலிகைகள் ஆறுதல் தரலாம். நோயைத் தடுப்பது தடுப்பூசியே. அடைப்பான் நோய்க்கு வீட்டு மருத்துவம் என்பதே இல்லை. ஐயம் தோன்றினாலே அறிவிக்க வேண்டும், இறந்த மாட்டை அறுக்கலாகாது.

சொல்மயக்கம்

இங்கே தமிழாய்வாளருக்கு ஒரு பணி உண்டு. ‘அடைப்பான்’ என்னும் சொல் இன்று ஆந்த்ராக்ஸ் நோயைக் குறிக்கிறது. ‘தொண்டை அடைப்பான்’ முற்றிலும் வேறொரு பாக்டீரியாவால் வருவது. பழைய வாகடங்கள் நோயைக் காரணத்தால் பெயரிடவில்லை, குறியால் பெயரிட்டன. ஆகவே சுவடியில் அடைப்பானுக்கு மருந்து என்றிருப்பதைக் கண்டு அதனை இன்றைய ஆந்த்ராக்ஸுக்கு மருந்தெனப் பதிப்புக்குறிப்பு எழுதுதல் உயிர்க்கேடு விளைக்கும். பதிப்பாசிரியர் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கலந்துகொள்ளாமல் நோய்ப்பெயருக்கு நிகர்ச்சொல் தருதல் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மூலிகைப் பெயரிலும் இம்மயக்கம் உண்டு. ‘கற்றாழை’ என்ற அளவில் நிறுத்தினால், சோற்றுக்கற்றாழைக்குப் பதிலாக வேலியோரத்து இரயில் கற்றாழையை ஒருவர் அரைத்துவிடக் கூடும். பின்னதன் சாற்றிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் தோலை அரிக்கும். வீங்கிய மடியில் அதனைப் பூசினால் விளைவு சொல்ல வேண்டியதில்லை.

உயிரினத்திற்கு உயிரினம் மருந்து மாறுபடுவதும் மறக்கப்படுகிறது. பசுவின் மருந்துருண்டையில் சேரும் சில பூண்டுப் பற்கள் அதன் உடலளவுக்குச் சிறிது. அதே பூண்டும் வெங்காயமும் நாய்க்கும், அதனினும் பூனைக்கும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சாகும். பல மருந்துப்பொருள்களை உடலினின்று நீக்கும் வேதிவினை பூனையின் கல்லீரலில் வலுவற்றது. மிளகிலுள்ள பிப்பரின் குர்குமினை உடல் ஏற்கும் அளவை எலியிலும் மனிதரிலும் உயர்த்துவதாக 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நிகழ்த்தும் மாற்றம் வேறு. மனிதரில் கண்டதை மாட்டுக்கு அப்படியே பெயர்த்து எழுதும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. பிப்பரின் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கவல்லது. ஆதலால் மிளகு சேர்ந்த உருண்டை கொடுத்திருப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

மறைத்தல் இன்று இயல்பாகவே நிகழ்கிறது. நாட்டு மருந்து கொடுத்தோம் என்றால் மருத்துவர் கடிவார் என்று மாட்டுக்காரர் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டம் மருத்துவம் செய்யும் உரிமையைப் பதிவுபெற்ற மருத்துவருக்கு அளித்துள்ளதால், மரபறிந்த முதியவர்களும் வாய்திறக்க அஞ்சுகின்றனர். இதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. பால் கூட்டுறவுச் சங்கங்களில் பசுவுக்கு ஓர் அட்டை வைத்து, எந்தக் காம்பு, எந்த நாள், வெப்பம் எவ்வளவு, பூசியது எத்தனை முறை, போட்ட ஊசி எது, பாலைச் சங்கத்தில் ஊற்றாமல் நிறுத்திய நாள்கள் எத்தனை என்னும் ஆறு செய்திகளை மட்டும் எழுதி, மருத்துவர் வரும்போது காட்டலாம். எங்கள் வீட்டில் இப்போது மூன்றாம் பசுவுக்கு அவ்வாறு ஒரு குறிப்பேடு உள்ளது. சென்ற ஐப்பசியில் அதன் முன் இடக்காம்பில் திரிவு கண்ட அன்றே மாதிரி அனுப்பினோம். குறிப்பேட்டில் பூசிய எண்ணிக்கை முதல்நாள் எட்டு, மறுநாள் ஐந்து என்று அம்மா எழுதியிருக்கிறார். அறுவடை நாள் என்று பக்கத்தில் சிறு குறிப்பும் உண்டு.